முரடனுக்கு ஒரு டிரைவர்

ஜனவரி 9

அண்ணா,

நேற்று போனை நான்தான் வைத்தேன். கை தவறி இல்லை, வேண்டுமென்றேதான். இனிமேல் பேசாதே, எழுது. போனில் நீ குரலை உயர்த்துகிறாய், நானும் உயர்த்துகிறேன், பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருக்கும் பைண்டர் அக்கா பாவம் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. எழுதினால் நீ கொஞ்சம் யோசிப்பாய். நானும் யோசிப்பேன், தேவைப்பட்டால்.

நேற்று நீ காதில் வாங்காததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளியின் பிரெயில் அச்சு இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் அதற்கு முரடன் என்று பெயர் வைத்ததே அது போடும் சத்தத்தால்தான். இன்றைக்கும் ஓடினால் மேஜை ஆடும். அதை ஓட்டிவந்த பழைய கணினிதான் செத்துப்போனது. புதிய கணினியில் சொருகினால், அது முரடனை யாரென்றே தெரியாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேச டிரைவர் என்கிற மென்பொருள் ஒன்று வேண்டும். முரடனைச் செய்தது உன் கம்பெனி. கேட்டு எழுதினால், ‘அந்த மாடலுக்கான ஆதரவு நிறைவடைந்துவிட்டது’ என்று ஒரே வரியில் பதில். அந்த வரி கிளம்பும் அறையில் நீயும் உட்கார்ந்திருக்கிறாய்.

அச்சறையையே மூடிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். “இப்பல்லாம் எல்லாமே ஆடியோதானேம்மா? கணக்கையும் கேட்டுக்கட்டும்.” ஒரு பின்னத்துக்குள் இன்னொரு பின்னம் இருக்கும் கணக்கை நீ கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டுப் போட்டுப் பார். எந்தக் கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று தலை சுற்றும். எங்கள் பிள்ளைகளுக்கு வருவது இறுதித் தேர்வு. அவர்கள் விரலுக்கடியில் புத்தகம் இருந்தாக வேண்டும்.

நீங்கள் தரமாட்டீர்கள் என்றால் டிரைவரை நானே எழுதுகிறேன். ‘உன்னால முடியாது, பாவம், விட்டுடு’ என்றாய். அதில் ‘முடியாது’ என்பதை மன்னித்துவிட்டேன். பார்வை இல்லாத தங்கைக்கு வாழ்நாள் முழுக்க அந்த ‘பாவ’த்தையே கொடுத்துக்கொண்டிருக்கிறாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

உன் தங்கை


ஜனவரி 16

அன்புள்ள வாலு,

கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

பதினான்கு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நீ கல்லூரியில் எழுதிய புரோகிராம் வேறு, இது வேறு. கர்னல் என்பது கணினியின் அடிமனை. மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. சாதாரண புரோகிராமில் தப்பு செய்தால் அந்த புரோகிராம் மட்டும் விழும். டிரைவர் கர்னலுக்குள்ளேயே ஓடுவது. அதில் ஒரே ஒரு நினைவக முகவரி தப்பினால் கணினி மொத்தமாகப் படுத்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நாங்கள் ஒரு வருடம் அதன் பக்கமே விடுவதில்லை. விழும்போது திரை முழுக்க எண்கள் கொட்டும், அதைப் படித்துத்தான் எங்கே தப்பு என்று பிடிப்போம். உன் கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் குரலும் அதோடு சேர்ந்தே செத்துவிடும். அப்புறம் நீ எதை வைத்துக் கண்டுபிடிப்பாய்? இது கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

முரடனின் கட்டளைகள் எழுதிய ஆவணம் எங்களிடம் இருக்கிறது. வெளியே கொடுக்க மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதையும் மீறி வேண்டுமென்று அடம் பிடித்தால் கர்னலுக்கு வெளியிலிருந்தே ஓட்டுகிற மாதிரி சின்னதாக ஒன்று எழுதிக்கொள். அதுவே போதும்.

அம்மாவிடம் சொன்னேன், டிரைவர் எழுதப்போகிறாளாம் என்று. பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. “டிரைவர் வேலைக்கா? கண்ணு தெரியாத பொண்ணுக்கு யாருடா லைசென்ஸ் குடுப்பாங்க?” என்று ஒரே பதற்றம். சமாதானப்படுத்தவே அரைநாள் ஆனது.

அண்ணா


பிப்ரவரி 11

அண்ணா,

அம்மாவிடம் சொல்: லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. விளையாட்டில்லை. கர்னலுக்குள் ஏறும் ஒவ்வொரு டிரைவரும் தன் உரிமம் என்ன என்று ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ‘கறை பட்டுவிட்டது’ என்று கர்னல் தன்னைப் பற்றித் தானே குறித்துக்கொள்கிறது. எவ்வளவு மானஸ்தன் பார்.

முதலில் எழுதியது ஒன்றுக்கும் உதவாத ஒரு துண்டு. உள்ளே ஏற்றினால் ‘வந்தேன்’ என்று கணினியின் லாக் பதிவேட்டில் எழுதும், இறக்கினால் ‘போகிறேன்’ என்று எழுதும். அவ்வளவுதான். அந்த ‘வந்தேன்’ என் காதில் விழுந்தபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். என்னவோ ஏதோ என்று பைண்டர் அக்கா ஓடிவந்தார்.

அப்புறம் நீ சொன்னபடியே நடந்தது. குரல் ஒரு சொல்லின் நடுவிலேயே அறுந்து நின்றது. விசிறியின் சத்தம் மட்டும். எதை அழுத்தினாலும் பதிலில்லை. அன்றைக்கு உன் கடிதம் நினைவுக்கு வந்து எரிச்சலாக இருந்தது. மறுநாள் பழைய பொருள்கள் கிடக்கும் அறையில் தேடி ஒரு சீரியல் கேபிள் எடுத்துவந்தேன். அதன் ஒரு முனை புதிய கணினியில், மறுமுனை என் மடிக்கணினியில். கர்னல் விழும்போது கடைசியாகச் சொல்ல நினைப்பதையெல்லாம் கேபிள் வழியே அனுப்பிவிட்டுத்தான் விழுகிறது. பக்கத்தில் உயிரோடு இருக்கும் மடிக்கணினி அதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டுகிறது. எதை வைத்துக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டாய் அல்லவா? அதை வைத்துத்தான்.

இப்போது விழுவது பழகிவிட்டது. வெற்று முகவரியைத் தொட்டு விழுந்திருக்கிறேன். நிரலில் நானே போட்ட பூட்டைத் திறக்க மறந்து, கணினி எனக்காகக் காத்துக் காத்தே உறைந்திருக்கிறது. ஒரு முறை, இயந்திரத்தின் அவசர அழைப்பான இன்டரப்ட் வந்து வேலை நடக்கும் நேரத்தில் என் நிரல் நினைவகம் கேட்டு ஓய்வாக உட்கார்ந்துவிட்டது. ‘தூங்கக்கூடாத இடத்தில் தூங்குகிறாய்’ என்று கர்னல் திட்டித் தீர்த்தது.

வெளியிலிருந்தே ஓட்டிக்கொள் என்று சொன்னாய். செய்யலாம். அது என் கணினியில் மட்டும் ஓடும். நான் வேலையை விட்டுப் போனால் அதுவும் போகும். இந்த கர்னல் எல்லோரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது. அதற்குள் ஒரு முறை சேர்ந்துவிட்டால், எந்தப் பள்ளியில் யார் சொருகினாலும் முரடன் எழுந்துகொள்வான். ஆதரவு நிறைவடைந்துவிட்டது என்று ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. எனக்கு அதுதான் வேண்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 18

வாலு,

சீரியல் கேபிள் யோசனையை யார் சொன்னது? நீயேதானா?

இதற்கு மேல் நான் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த ஆவணத்தில் இருப்பதை நானே வாய்தவறிச் சொல்லிவிடுவேன். இன்டரப்ட் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் பிரிவில் அதைப் புரிந்துகொள்ளாமலே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீ வெறுக்கும் சொல்லை இனி சொல்ல மாட்டேன். பயமாக இருக்கிறது என்று சொல்லலாமா? நீ விழுவாய் என்ற பயம் இல்லை. நீ விழாமல் வந்துவிட்டால் என் ஆபீசில் என்ன ஆகும் என்ற பயம்.

அண்ணா


மார்ச் 20

அண்ணா,

முரடன் எழுந்துவிட்டான்.

நகரத்தின் மறுகோடியில் இன்னொரு பள்ளி இருக்கிறது. அவர்களிடமும் ஒரு முரடன் உண்டு, அவனுடைய பழைய கணினி இன்னும் சாகவில்லை. பைண்டர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே கணினியிலிருந்து இயந்திரத்துக்குக் கம்பி வழியே போகும் ஒவ்வொரு பைட்டையும் பதிவு செய்துகொண்டு வந்தேன். ஒரே எழுத்தை அடித்தேன், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒரு வெற்றுத்தாள். எதை மாற்றினால் பதிவில் எது மாறுகிறது என்று வாரக்கணக்கில் கேட்டேன். முதலில் ஒரு சின்னக் கட்டளை போகிறது, முரடன் அதற்குப் பதில் சொல்கிறான், அதன் பிறகுதான் எதையும் ஏற்றுக்கொள்கிறான். வணக்கம் வைக்காவிட்டால் வாயே திறக்க மாட்டானாம்! உங்கள் ஆபீசின் புத்தி அப்படியே வந்திருக்கிறது.

வணக்கம் வைத்தேன். ஓடினான். ஆனால் சில பக்கங்களின் கடைசியில் வந்து அப்படியே நின்றுவிடுவான், தாளை வெளியே தள்ள மாட்டான். எல்லாப் பக்கமும் இல்லை, சில மட்டும். என் நிரலைத் தலைகீழாகப் புரட்டியும் தப்பு கிடைக்கவில்லை. வெறுத்துப்போய், நின்ற பக்கத்தின் முடிவில் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்பினேன். தாள் வந்துவிட்டது! எடுத்துவிட்டு அனுப்பினேன், நின்றுவிட்டான். அப்போதுதான் உறைத்தது. செய்தி அறுபத்துநான்கு பைட் கொண்ட பொட்டலங்களாகப் போகிறது. கடைசிப் பொட்டலத்தில் இடம் மிச்சமிருந்தால், அதோடு முடிந்தது என்று முரடன் புரிந்துகொள்கிறான். அதுவும் நிரம்பியிருந்தால், இன்னும் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கிறான். அப்படிப்பட்ட சமயத்தில் கடைசியாக ஒன்றுமே இல்லாத ஒரு பொட்டலத்தை அனுப்ப வேண்டும். வெறும் உறை. ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் மொத்தமும் நிற்காமல் ஓடியது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். “இது ஓடாதுன்னு சொன்னாங்களே?” என்றார். “சொன்னவங்க சொன்னாங்க சார்” என்றேன்.

அடுத்து இதை வெளியில் அனுப்பப்போகிறேன், கர்னலைப் பராமரிக்கிறவர்களின் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு. எந்த மாடலுக்கு என்று அங்கே முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 31

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் நிறுவனத்தின் அச்சு இயந்திர மாடல் ஒன்றுக்கான டிரைவர் மென்பொருளைத் தாங்கள் பொதுவெளியில் வெளியிட இருப்பதாக அறிகிறோம். மேற்படி மென்பொருள் எங்கள் தொழில்நுட்ப இரகசியங்களை உள்ளடக்கியிருக்கலாம் எனக் கருதுவதால், அதனை வெளியிடுவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறும் பட்சத்தில் தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதுநிலைப் பொறியாளர்,
சாதன மென்பொருள் பிரிவு


ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய முதுநிலைப் பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை என் மடிக்கணினி எனக்குப் படித்துக் காட்டியது. ‘மேற்படி’ என்ற சொல்லை அது மிக அழகாக உச்சரிக்கிறது.

இயந்திரம் பள்ளியுடையது. கம்பியும் பள்ளியுடையது. அந்தக் கம்பியில் போனதைக் கேட்ட காது என்னுடையது. தங்கள் நிறுவனத்தின் ஒரு தாளையும் நான் தொடவில்லை. இரகசியம் என்று தாங்கள் எதைச் சொல்கிறீர்களோ, அதைத் தங்கள் இயந்திரமே சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டிரைவரை இன்று காலை அனுப்பிவிட்டேன். தக்க நடவடிக்கைக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மையீர்

பி.கு.: அங்கே என் அண்ணனைப் பார்த்தால், சாப்பிட்டானா என்று தங்கை கேட்டதாகச் சொல்லவும்.


ஏப்ரல் 12

வாலு,

சாப்பிடவில்லை. உன் பின்குறிப்பைப் படித்த பிறகு சாப்பிட முடியவில்லை.

மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உன் பெயரோடும் என் பெயரோடும் இருப்பது ஒரே அப்பா பெயர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “உங்க தங்கச்சிதானே? அப்ப நீங்களே எழுதுங்க. சொந்தக்காரங்க சொன்னாதான் கேப்பாங்க” என்றார். எதிரில் உட்காரவைத்தே எழுதச் சொன்னார். எழுதினேன். ‘அம்மையீர்’ என்று எழுதும்போது கை நின்றது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார், எழுதிவிட்டேன்.

சட்டப் பிரிவில் விசாரித்தேன். நீ சொன்னதுதான் சரி, அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கடிதம் சும்மா பயம் காட்டுவதற்கு.

இந்த உறைக்குள் முரடனின் ஆவணத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டளையும் இருக்கிறது. நீ கண்டுபிடிக்காதது ஏதாவது இருந்தால் உதவும். யாரிடமும் சொல்லாதே. இதை ஜனவரியிலேயே செய்திருக்கலாம்.

அண்ணா


ஏப்ரல் 21

அண்ணா,

உன் உறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆவணம் அப்படியே இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள். கடிதத்தை மட்டும் பைண்டர் அக்கா படித்தார். அடுத்த தாளை எடுத்துத் தலைப்பைப் படிக்க ஆரம்பித்ததுமே நிறுத்தச் சொல்லிவிட்டேன். பார்வையில்லாதவளுக்கு மை அச்சில் இரகசியம் அனுப்பிய முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

நன்றி என்று ஒரு முறை சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன். அதை நான் படித்துவிட்டால் என் நிரலில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. திருடி எழுதினாள் என்று நாளைக்கு யார் சொன்னாலும் என்னால் இல்லையென்று சொல்ல முடியாது. உன் வேலையும் போகும். நான் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை, உன் பாசத்தைக் கொண்டு அழித்துவிடப் பார்த்தாய்.

இன்னொரு விஷயம். பட்டியலில் என் டிரைவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் எங்கோ ஒரு தேசத்தில் இருக்கிறார், நல்ல வார்த்தை என்று ஒன்று அவரிடம் கிடையாது. வரியின் தொடக்கத்தில் டேப் விசையைத் தட்ட வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி விட்டிருக்கிறேனாம், ‘இதைக்கூடப் பார்க்காமலா அனுப்புவது?’ என்று கேட்டார். பார்க்காமல்தான் அனுப்பினேன்! என் குரல் இடைவெளிகளைச் சொல்வதில்லை. சொல்லும்படி மாற்றிவைத்தேன், ஒவ்வொரு வரியையும் திருத்தினேன். இரண்டாவது முறையும் திருப்பினார். கர்னலுக்குள் இது எதற்கு, வெளியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று உன்னைப் போலவே கேட்டார். பதில் எழுதியிருக்கிறேன், நீளமாக, உறைப்பாக.

நான் யார், என் கண் எப்படி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தப்பு என்றால் தப்பு என்கிறார்கள். அண்ணா, இத்தனை வருடத்தில் என்னை யாரும் இப்படி முழுசாகத் திட்டியதில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா?

உன் தங்கை


ஜூன் 15

வாலு,

பார்த்தேன். ஐந்தாவது முறையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். முரடனுக்கு நேரே, பராமரிப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அப்ப லைசென்ஸ் வந்துருச்சா?” என்றாள். வந்துவிட்டது என்றேன்.

முரடனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், நாங்கள் கைவிட்ட இன்னொரு மாடல், சின்னது. அதை வாங்கிய பள்ளிகள் முரடனை வாங்கியவற்றைவிட அதிகம். உன் டிரைவரிலேயே கொஞ்சம் மாற்றினால் அவனும் ஓடுவான். மாற்றி எழுதி, வீட்டு மின்னஞ்சல் முகவரியிலிருந்து நேற்று பட்டியலுக்கு அந்த மாற்றத்தை ஒரு பேட்சாக அனுப்பியிருக்கிறேன். வந்ததா?

அண்ணா


ஜூன் 19

அண்ணா,

வந்தது. ஏற்க முடியாது.

கையெழுத்து எங்கே? அனுப்புகிறவர் கடைசியில் தன் சொந்தப் பெயரில் ஒரு வரி ஒப்பமிட வேண்டும். ‘இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, இதற்கு நான் பொறுப்பு’ என்பதுதான் அதற்கு அர்த்தம். நீ புனைபெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, கையெழுத்தும் இல்லாமல் அனுப்பியிருக்கிறாய். அந்தத் தம்பியின் கட்டளைகள் உனக்கு ஆபீஸ் ஆவணத்திலிருந்துதானே தெரியும்? அனுமதி வாங்கு. வாங்க முடியாவிட்டால் அனுப்பாதே. ஒளிந்துகொண்டு செய்கிற உபகாரம் எனக்கும் வேண்டாம், அந்தப் பள்ளிகளுக்கும் வேண்டாம்.

பொதுப் பட்டியலிலும் இதையே எழுதியிருக்கிறேன், உன்னை யாரென்று சொல்லாமல்.

தங்கை
(பராமரிப்பாளர்)


ஜூலை 8

வாலு,

உன் பதிலைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் மேலாளர் அறைக்குப் போனேன்.

“சார், நிறுத்தின அந்தச் சின்ன மாடலுக்கு டிரைவர் எழுதியிருக்கேன். என் பேர்ல வெளிய அனுப்பணும். எழுத்துல அனுமதி குடுங்க.”

“உங்க தங்கச்சி கேக்கச் சொன்னாங்களா?”

“பராமரிப்பாளர் சொன்னாங்க சார்.”

கத்தினார். நான் கத்தவில்லை, எழுந்தும் வரவில்லை. நாம் கைவிட்டதை ஒரு பள்ளியின் அச்சறை தூக்கி நிறுத்திவிட்டது, வாங்கியவர்கள் எல்லோரும் பட்டியலைப் பார்க்கிறார்கள், இன்னொரு முறை ‘தக்க நடவடிக்கை’ என்று எழுதச் சொன்னால் என் பெயரில் எழுத மாட்டேன் என்றேன். பதினான்கு வருடத்தில் அந்த அறையில் நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

அனுமதி வந்தது. கூடவே இடமாற்றமும் வந்தது. இனி நான் பொறியாளர் அறையில் இல்லை, வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் பிரிவில். முதல் நாளே ஒரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டார். முரடன் மாடல், ஓடவில்லை, புதுசுதான் வாங்கணுமா என்று கேட்டார். என் முன்னால் ஒட்டியிருந்த அட்டையில் சொல்ல வேண்டிய பதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. “கணினிய அப்டேட் பண்ணிட்டு சும்மா சொருகிப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்றேன். இருந்தேன். கொஞ்ச நேரத்தில் போனுக்குள் அந்தத் தடதட. டீச்சர் ஏதோ கத்திச் சொன்னார், எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

பேட்ச் மறுபடி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துடன், நம் அப்பா அம்மா வைத்த பெயரில்.

அண்ணா


ஜூலை 13

அண்ணா,

பேட்ச் வந்தது. கையெழுத்து இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் குரலை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன், வேறு காரணமில்லை, சரிபார்க்கத்தான்.

வணக்கம் வைக்கும் பகுதி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நான் மூன்று முறை போய்வருவதை நீ ஒரே முறையில் முடித்துவிட்டாய். ஆனால் இயந்திரத்தைக் கழற்றும்போது ஓடும் பகுதியில், அனுப்பிய பொட்டலம் திரும்புவதற்கு முன்பே அதன் நினைவகத்தை விடுவித்துவிடுகிறாய். அச்சு ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் கணினி விழும். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அந்தப் பள்ளியில் முரடனின் தம்பி ஒருவனும் இருந்தான், அந்த இயந்திரத்தை இரவல் வாங்கிவந்து கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். விழுந்தது. விழுந்தபோது அது சொன்ன கடைசி வார்த்தைகளை முழுசாகக் கீழே இணைத்திருக்கிறேன், படித்துக்கொள்.

ஏற்க முடியாது. திருத்தி அனுப்பு.

பள்ளிகளை நினைத்து அவசரப்பட்டு இன்னொரு தப்பு செய்யாதே. நிதானமாகச் செய். ஆனால் செய், அண்ணா. தினமும் காலையில் கணினியைத் திறந்ததும், உன் பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உன் தங்கை